சொல்லிவிட்டு விற்கட்டும்!

மெக்கானிக் கடை பெஞ்ச், அபார்ட்மென்ட் அசோசியேஷன் கூட்டம், கல்யாண வீட்டுப் பந்தி என்று எங்கே நாலு பேர் கூடினாலும் இப்போது பேச்சு வண்டியிலும் எரிபொருளிலும்தான் வந்து நிற்கிறது. 'பெட்ரோல்ல எத்தனால் கலந்ததுலேர்ந்து மைலேஜ் போச்சு' என்கிறார் ஒருவர். 'எலெக்ட்ரிக் வாங்கலாம்னா, மூணு வருஷத்துல பேட்டரி போயிடுமாமே' என்கிறார் இன்னொருவர். 'அந்தக் கரண்ட்டும் நிலக்கரியிலதானே வருது, அதுல என்ன சுத்தம்?' என்று மூன்றாமவர் மடக்குகிறார். 'ஹைட்ரஜன் வருதாம், கொஞ்சம் பொறுத்து வாங்கலாம்' என்று ஒரு குரல் முடித்துவைக்கிறது.

இவற்றில் ஒன்றுகூட அர்த்தமில்லாத கேள்வி இல்லை. மாதச் சம்பளத்தில் எரிபொருளுக்கென்று ஒரு தொகையை எடுத்துவைப்பவர்கள் கேட்பவை இவை. கடன் வாங்கி வண்டி எடுத்தவர்கள், அதே வண்டியில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுபவர்கள் கேட்பவை. பதில்களும் இல்லாமல் இல்லை. அரசின் சொந்த அறிக்கைகளிலேயே எண்கள் இருக்கின்றன. அவை பெட்ரோல் பங்கில் ஒட்டப்படுவதில்லை, ஷோரூம் பில்லில் அச்சாவதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் ஒரு பக்கம் விளம்பரமும் மறுபக்கம் வாட்ஸ்அப் வதந்தியும் குடியேறியிருக்கின்றன.

இருபது சதவீதக் கதை

2014-ல் இந்தியாவில் விற்ற பெட்ரோலில் எத்தனால் சுமார் 1.5 சதவீதம். 2018-ல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030-க்குள் 20 சதவீதம் என்று இலக்கு வைத்தது. பிறகு அந்த இலக்கு ஐந்தாண்டுகள் முன்னே இழுக்கப்பட்டு, 2025-லேயே எட்டப்பட்டது. கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாட்டுக்கு இதில் லாபம் இருக்கிறது. 2014-15 முதல் 2025 ஜூலை வரை 1.4 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி மிச்சம் என்பது பெட்ரோலிய அமைச்சகத்தின் கணக்கு. கரும்பு விவசாயிக்கு ஆலைகள் வைத்திருந்த பாக்கி குறைந்ததற்கும் எத்தனால் பணம் உதவியிருக்கிறது. இந்தத் திட்டத்தை மோசடி என்று ஒரே சொல்லில் ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மைலேஜ் விஷயத்துக்கு வருவோம். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால், கலவையின் ஆற்றல் ஆறேழு சதவீதம் குறையும். இதைத் தாண்டி எந்த மந்திரமும் இல்லை. எத்தனாலின் ஆக்டேன் அளவு அதிகம் என்பதால், அதற்கென்றே வடிவமைத்த எஞ்சின் அந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்டுவிடும். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் சொன்னது. பழைய முறையில் வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும்; அதே வகை இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம்; 20 சதவீதத்துக்கே சரிசெய்த புதிய கார்களில் 1 முதல் 2 சதவீதம்.

இதை ரூபாயாக்கிப் பார்க்கலாம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் பைக்கில் ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 240 லிட்டர் தேவை. அதில் 4 சதவீதம் என்றால் பத்து லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் ஆயிரம் ரூபாய் போல. பழைய காரில் அதே தூரம் ஓட்டுபவருக்கு ஐயாயிரம் ரூபாய் வரை போகலாம். ஆக, 'மைலேஜ் பாதியாகிவிட்டது' என்பதும் உண்மையில்லை. 'ஒன்றுமே ஆகவில்லை' என்பதும் உண்மையில்லை. இருபது, முப்பது சதவீதம் குறைந்தது என்று சொல்பவர் டயர் காற்றையும் ஏர் ஃபில்டரையும் முதலில் பார்ப்பது நல்லது.

பழைய வண்டிக்காரரின் கவலை வேறு மாதிரி. எத்தனாலில் ஆக்சிஜன் கலந்தே இருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில், புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று சென்சார் பார்த்து, எரிபொருளின் அளவைத் தானே கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டிக்கு அந்தக் கண் கிடையாது. அதனால் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும், ஆக்சிலரேட்டர் முறுக்கினால் திணறும். எத்தனாலுக்குத் தண்ணீரை இழுக்கும் குணமும் உண்டு. ஈரம் ஒரு அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதும் அடியிலிருந்துதான். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டி மக்கர் செய்வதற்கு இது ஒரு காரணம். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது.

ஒப்புக்கொண்டதை ஏன் ஒவ்வொரு பங்கிலும் எழுதி வைக்கவில்லை? என் ஆதங்கம் இங்கேதான் தொடங்குகிறது. குறைந்த ஆற்றலுள்ள எரிபொருளை வாங்குபவருக்கு ஈடாக வரிச் சலுகை தரலாம் என்று அதே நிதி ஆயோக் அறிக்கை யோசனை சொன்னது. அது நடக்கவில்லை. எத்தனால் கொள்முதல் விலை சராசரியாக லிட்டருக்கு 71.32 ரூபாய் ஆகிவிட்டது, சுத்திகரித்த பெட்ரோலைவிட அதுதான் இப்போது விலை அதிகம், எனவே குறைக்க வழியில்லை என்றது அரசு, 2025-ல். விவசாயிக்கு நல்ல விலை தருவதை வரவேற்கிறேன். ஆனால் பங்கில் நாம் கொடுக்கும் நூறு ரூபாயில் வரி கணிசமாக இருக்கிறது. நிதி ஆயோக் கேட்டதும் அந்த வரியில் ஒரு சலுகையைத்தான். எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும், பங்கில் கலப்பு அளவை எழுத வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. நீதிமன்றம் தள்ளியதால் கோரிக்கை நியாயமற்றதாகிவிடாது. எழுதி ஒட்டுவதற்கு நீதிமன்ற உத்தரவே தேவையில்லை.

பிரேசிலைப் பாருங்கள். 1975-ல் கரும்பு எத்தனால் திட்டத்தைத் தொடங்கிய நாடு அது. 2003 முதல் அங்கே எத்தனால் எந்த விகிதத்தில் இருந்தாலும் ஓடும் கார்கள் விற்கின்றன. ஒரே பங்கில் கலப்பு பெட்ரோலும் இருக்கும், தனி எத்தனாலும் இருக்கும், இரண்டுக்கும் விலை எதிரிலேயே எழுதியிருக்கும். எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல் என்று அங்குள்ள சாதாரண டிரைவர் மனக்கணக்குப் போட்டு நிரப்புகிறார். கலப்பு பெட்ரோலில் எத்தனாலை 2025 ஆகஸ்டிலிருந்து 30 சதவீதமாக உயர்த்தியபோதும் அந்தத் தேர்வு அவர் கையிலேயே இருந்தது. நம்மிடம் தேர்வும் இல்லை, விலை வித்தியாசமும் இல்லை.

நாமக்கல் வரை நீளும் குழாய்

எத்தனால் என்றால் கரும்பு என்றே பலர் நினைக்கிறோம். இப்போது மக்காச்சோளத்திலிருந்தும் உடைந்த அரிசியிலிருந்தும் பெரும் பங்கு வருகிறது. மக்காச்சோளம் யாருக்கு உணவு? நாமக்கல் கோழிக்கு. முட்டை உற்பத்திச் செலவில் தீவனம்தான் பெரும்பகுதி. தீவனத்தில் மக்காச்சோளம்தான் முதலிடம். வடிசாலைகள் போட்டிக்கு வந்ததும் விலை ஏறியது. மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2024-ல் இறக்குமதி செய்யும் நாடாக மாறியது. பெரம்பலூரில் மக்காச்சோளம் போட்ட விவசாயிக்கு இது நல்ல செய்தி. நாமக்கல் பண்ணைக்காரருக்குக் கெட்ட செய்தி. முட்டை வாங்கும் குடும்பத்துக்கு மளிகைச் சீட்டில் ஒரு வரி. பெட்ரோல் விவாதத்தில் இந்த மூன்று பேரும் உட்கார வேண்டும்.

கரும்பின் கணக்கு தண்ணீர்க் கணக்கு. சர்க்கரை வழியில் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று அதே நிதி ஆயோக் அறிக்கை எழுதியிருக்கிறது. காவிரித் தண்ணீருக்கு நீதிமன்றப் படியேறிய மாநிலம் இந்த எண்ணைச் சும்மா கடந்து போக முடியாது. ஆலைக் கழிவான மொலாசஸிலிருந்து எடுப்பதும், வைக்கோல் போன்ற மிச்சத்திலிருந்து எடுப்பதும் எனக்குச் சம்மதம். எரிப்பதற்கென்றே நஞ்சையில் கரும்பு வைப்பதை ஏற்க மனம் வரவில்லை.

அவசரப்பட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட அனுபவமும் நமக்கு உண்டு. 2003-ல் தொடங்கிய பயோடீசல் முயற்சியில் காட்டாமணக்குதான் கதாநாயகன். தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம் என்றார்கள். 2011-12-க்குள் டீசலில் 20 சதவீதம் என்று இலக்கும் வைத்தார்கள். தண்ணீரில்லாமல் செடி உயிரோடு இருந்தது, காய்தான் காய்க்கவில்லை. நம்பி நட்ட தமிழக விவசாயிகள் பலர் பிடுங்கிப் போட்டார்கள். 1996-ல் ராஜபாளையம் பக்கமிருந்து, மூலிகை போட்டுத் தண்ணீரையே பெட்ரோலாக்கலாம் என்று எழுந்த மூலிகை பெட்ரோல் பரபரப்பை ஐம்பதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீரில் எரியும் ஆற்றல் மிச்சமில்லை. அது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். இந்த ஒரு பள்ளிக்கூடப் பாடத்தை டீக்கடை விவாதங்களில் நினைவூட்டினாலே, அவ்வப்போது புறப்படும் 'தண்ணீரில் ஓடும் பைக்' வீடியோக்கள் பாதி அடங்கிவிடும்.

பேட்டரி என்றால் எந்த பேட்டரி?

தமிழ்நாட்டு வீடுகளுக்கு பேட்டரி புதிதல்ல. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தில் இன்வெர்ட்டர் நுழையாத நடுத்தர வீடு குறைவு. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றத் தெரியும், கம்பெனி பெயர் தெரியும், பழையதைக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்றும் தெரியும். ஈய பேட்டரி நம் கைக்குப் பழகிய பொருள். மின்ஸ்கூட்டரில் இருப்பது லித்தியம் அயான். இதற்கு அந்த ஊரறிந்த அறிவு இன்னும் உருவாகவில்லை.

லித்தியத்திலும் முக்கியமாக இரண்டு வகை. ஒன்றில் நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்திருக்கும், சுருக்கமாக என்எம்சி. குறைந்த எடையில் அதிக மின்சாரம் பிடிக்கும். மற்றது இரும்பு, பாஸ்பேட் சேர்ந்தது, எல்எஃப்பி என்பார்கள். எடை கூடுதல், அதே அளவில் தூரம் கொஞ்சம் குறைவு. ஆனால் பாஸ்பேட்டில் ஆக்சிஜன் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் லேசில் வெளியே வந்து நெருப்பை வளர்க்காது. சார்ஜ் ஏற்றி இறக்கும் சுற்றுகளும் கூடுதலாகத் தாங்கும். உலகின் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ சுரங்கங்களிலிருந்து, குழந்தைத் தொழிலாளர் பிரச்சினையோடு சேர்ந்து வருகிறது. எல்எஃப்பியில் கோபால்ட்டே இல்லை. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் நிற்கப்போகும் வண்டிக்கு, பத்து கிலோமீட்டர் குறைந்தாலும் பரவாயில்லை, எல்எஃப்பி போதும் என்பது என் முடிவு. ஆனால் ஷோரூமில் நிறத்தைக் காட்டுவார்கள், தொடுதிரையைக் காட்டுவார்கள். உள்ளே எந்த வகை என்று கேட்டால் பல விற்பனையாளர்களுக்கே பதில் தெரிவதில்லை.

இது வெறும் தகவல் ஆர்வம் இல்லை. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜில் போட்ட மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் சிக்கித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் பல ஊர்களில் வண்டிகள் எரிந்தன. அதன் பிறகுதான் ஏஐஎஸ்-156 என்ற பாதுகாப்பு விதி கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. ஒரு செல் தீப்பிடித்தால் பக்கத்துச் செல்லுக்குப் பரவுகிறதா என்ற சோதனை அதில் முக்கியமானது. ஆகவே பழைய மின்ஸ்கூட்டர் வாங்குபவர்கள் அது 2023 ஏப்ரலுக்கு முன் செய்ததா பின் செய்ததா என்று கட்டாயம் பாருங்கள். மாடி ஏறும் வழியில் வண்டியை நிறுத்தி சார்ஜ் போடாதீர்கள். தீ என்றால் வெளியே ஓடும் வழியே அடைபடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். எர்த் சரியாக உள்ள 16 ஆம்ப்ஸ் பாயிண்ட், தனி ஒயர், எர்த் லீக் சர்க்யூட் பிரேக்கர்: எலெக்ட்ரீஷியன் அரை நாளில் முடித்துவிடும் வேலை.

அபார்ட்மென்ட்களில் 'பேஸ்மென்ட்டில் சார்ஜிங் கூடாது' என்று தீர்மானம் போடும் அசோசியேஷன்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தடை போட்டால் ஜன்னல் வழியாக ஒயர் இறங்கும். அதுதான் கூடுதல் ஆபத்து. வீட்டிலிருக்கும் மின் இணைப்பிலேயே வண்டிக்கு சார்ஜ் போடலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. காற்றோட்டமுள்ள ஒரு மூலையில் சங்கமே முறையாக நாலு பாயிண்ட் போட்டுக்கொடுத்து, மீட்டர் வைத்துப் பணம் வாங்கட்டும்.

எல்எஃப்பி பற்றிப் பேசும்போது ஒரு தமிழரின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தென் தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்எனஃபுடன் சேர்ந்து 1980-களில் செய்த ஆய்வுகள்தான் பாஸ்பேட் வகை மின்முனைகளுக்கு வழி திறந்தன. 2019-ல் லித்தியம் அயான் பேட்டரிக்காக நோபல் பரிசு பெற்ற மூவரில் குட்எனஃபும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம். இங்கே காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்கிவருகிறது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்ஸ்கூட்டர் ஆலைகள் ஓடுகின்றன. அறிவும் இருக்கிறது, ஆலையும் இருக்கிறது. ஆனாலும் எல்எஃப்பி உற்பத்தி ஏறக்குறைய முழுவதும் சீனாவில். அந்தத் தொழில்நுட்பம் வெளியே போகாதபடி 2025 ஜூலையில் சீனா கட்டுப்பாடும் போட்டுவிட்டது. பெட்ரோலுக்கு வளைகுடாவை நம்பியதுபோல பேட்டரிக்கு ஒரே நாட்டை நம்பி நிற்கும் நிலை வராமல் தடுக்க, காரைக்குடிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் உதவும்.

யாருக்கு லாபம்?

மூன்று யூனிட் கொள்ளும் பேட்டரி மின்ஸ்கூட்டரை சுமார் 90 கிலோமீட்டர் ஓட்டும். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து மூன்றரை யூனிட், யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வைத்தால் 28 ரூபாய்; கிலோமீட்டருக்கு 31 பைசா. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டரில் இரண்டு ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஏறத்தாழ 23,000 ரூபாய் மிச்சம். உணவு டெலிவரி செய்யும் இளைஞருக்கும் தினம் நாற்பது கிலோமீட்டர் வேலைக்குப் போய் வருபவருக்கும் இது கைமேல் காசு. காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் வண்டி எடுப்பவருக்கு அந்த மிச்சம் நாலாயிரத்தைச் சுற்றியே நிற்கும். பேட்டரியோ ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வயதாகிக்கொண்டே இருக்கும். அவர் ஓடும் பழைய வண்டியை விற்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. நம் மாநிலத்துக்கே உரிய இன்னொரு கணக்கு: வேலை நாட்களில் தினம் நாற்பது கிலோமீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு 80 யூனிட் வாக்கில் கூடும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பதால், எல்லையில் நிற்கும் வீடுகள் மின் அட்டையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

நிலக்கரிக் கேள்விக்கும் விடை இருக்கிறது. இந்திய மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருவது மெய்தான். சராசரியாக ஒரு யூனிட்டுக்கு 700 கிராமுக்குச் சற்று மேல் கரியமில வாயு என்பது மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு. மின்ஸ்கூட்டர் ஒரு கிலோமீட்டருக்கு 38 வாட்-மணி எடுத்தால் 27, 28 கிராம். கம்பியில் வீணாவதைச் சேர்த்தால் முப்பதைத் தாண்டும். பெட்ரோல் ஒரு லிட்டர் எரிந்தால் 2.3 கிலோ, கிலோமீட்டருக்கு 50 கிராம். பெட்ரோல் எஞ்சின் தான் குடிக்கும் ஆற்றலில் கால்வாசியைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது, மிச்சம் சூடாகப் போகிறது; மோட்டார் எண்பது சதவீதத்துக்கு மேல் கொடுக்கிறது. நிலக்கரி எரித்தும் மின்வண்டி ஜெயிப்பதற்குக் காரணம் அதுதான். பேட்டரி செய்யும்போது வெளியான புகையை ஈடுகட்ட ஓராண்டு ஓட்டம் போல ஆகும். அதன் பிறகு லாபம். மின்சாரத்தில் முப்பந்தல் காற்றாலையின் பங்கும் பகல் வெயிலின் பங்கும் கூடக்கூட இந்த வித்தியாசம் பெருகும். அலுவலகத்தில் பகலில் சார்ஜ் போட வசதி செய்துகொடுக்கும் நிறுவனங்களை இந்தக் காரணத்துக்காகவே பாராட்டுகிறேன்.

ஹைட்ரஜனுக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியை 2025 ஜூலையில் ஓட்டிப் பார்த்தார்கள். ரயில், கப்பல், உரம், உருக்கு ஆகியவற்றுக்கு அதற்கு எதிர்காலம் உண்டு. ஸ்கூட்டருக்கு இல்லை. தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க ஐம்பது யூனிட்டுக்கு மேல் ஆகிறது. அந்த மின்சாரத்தை நேரே பேட்டரியில் ஏற்றினால் இரண்டு மடங்குக்கும் மேல் தூரம் போகலாம்.

ஆர்சி புத்தகத்தோடு ஒரு தாள்

மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மின்ஸ்கூட்டர்கள் இப்போது பழைய வண்டிச் சந்தைக்கு வரத் தொடங்கிவிட்டன. பெட்ரோல் வண்டி என்றால் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போவோம். சத்தத்தைக் கேட்டு, புகையைப் பார்த்து விலை சொல்லிவிடுவார். மின்ஸ்கூட்டரில் அவருக்குக் கேட்கவும் பார்க்கவும் ஒன்றுமில்லை. வண்டியின் விலையில் பெரும்பங்கு பேட்டரி. அது புதிதாக இருந்ததில் எத்தனை சதவீதம் மிச்சம் என்ற எண் வண்டிக்குள்ளேயே பதிவாகியிருக்கிறது. சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டரில் தெரியும் அந்த எண் வாங்கியவருக்குப் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் வாரண்ட்டி என்று பொடி எழுத்தில் இருக்கும். 70 ஆயிற்றா என்று அளப்பதும் அதே கம்பெனிதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல் மின்கார், மின்ஸ்கூட்டர் பேட்டரிகளுக்கு, அவற்றின் விவரங்களைச் சொல்லும் மின்னணுப் பாஸ்போர்ட் கட்டாயம். அதே நாளிலிருந்து கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயனாளரே கழற்றி மாற்றும் விதியும் அமலுக்கு வருகிறது. இங்கே 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்ப எடுக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைத்தன. நல்ல தொடக்கம் அது. ஆனாலும் ஈயத்துக்குக் காயலான் கடையில் கிலோ விலை இருப்பதுபோல லித்தியத்துக்கு ஒரு விலை ஊரில் புழங்கவில்லை. வீங்கிப்போன செல்போன் பேட்டரிகள் இன்னும் குப்பைத் தொட்டிக்குத்தான் போகின்றன.

மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் நினைத்தால் ஒரே அறிவிக்கையில் செய்யக்கூடியவை இவை. பில்லில் பேட்டரி வகையும் தயாரித்த மாதமும், மாற்ற ஆகும் விலையும் அச்சாக வேண்டும். ஒவ்வொரு சர்வீஸிலும் பேட்டரியின் மிச்ச ஆயுளைத் தாளில் எழுதி இலவசமாகத் தர வேண்டும். வண்டி கைமாறும்போது ஆர்சி புத்தகத்தோடு அந்தத் தாளும் கைமாற வேண்டும். பெட்ரோலிய அமைச்சகம் செய்ய வேண்டியது இன்னும் சுலபம்: ஒவ்வொரு பங்கிலும் விலைப் பலகைக்குக் கீழே, இன்று ஊற்றும் பெட்ரோலில் எத்தனால் எத்தனை சதவீதம், எந்த ஆண்டுக்கு முந்தைய வண்டிக்கு எந்தப் பாகத்தைக் கவனிக்க வேண்டும் என்று தமிழில் இரண்டு வரி.